வலது செருப்பும் ஏழாவது திருத்தமும்

சென்ற மாதம் குமரேசன் மன்னார்குடியில் இருக்கும் எனக்குப் போன் செய்தான். நான் ஓய்வுபெற்றபோது எனக்குக் கீழே இருந்தவன். இன்று சட்டப்பேரவையின் சபைக் காவலர்களுக்கு அவன்தான் தலைவன், அதாவது மார்ஷல். குரலில் கலக்கம் தெரிந்தது.

"அண்ணே, இப்பல்லாம் தூக்குற வேலையே இல்லண்ணே. ரெண்டு கோஷம் போடுறாங்க, அவங்களாவே வெளிநடப்பு செஞ்சுட்டு டிவிக்காரங்க முன்னாடி போயி நின்னுக்குறாங்க. நம்ம பசங்களுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. போன வாரம் ஒருத்தரை வெளியேத்தச் சொன்னாங்க. ஆளு உள்ளயே நிக்கிறாரு, வேட்டி மட்டும் எங்க கையில வந்துருச்சு. அந்தக் காலத்துல நீங்க எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்கண்ணே, வகுப்பு எடுக்கப்போறோம்."

எழுதுகிறேன். என் வேலையைப் பற்றி என் வீட்டில்கூட இதுவரை யாரும் மரியாதையாகக் கேட்டதில்லை. சபையில் ஒழுங்கு மீறும் உறுப்பினரை வெளியேற்றும்படி பேரவைத் தலைவர் உத்தரவிட்டதும், வெள்ளை உடுப்பில் நாலு பேர் ஓடிவந்து அலாக்காகத் தூக்கிப்போவார்களே, அந்த நாலு பேரில் ஒருவன் நான். மறுநாள் பத்திரிகையில் 'குண்டுக்கட்டாக வெளியேற்றம்' என்று போடுவார்கள். படத்தில் உறுப்பினரின் முகம் இருக்கும். எங்களுக்கு முழங்கை மட்டும் இருக்கும். என் முழங்கை பலமுறை முதல் பக்கத்தில் வந்திருக்கிறது.

சொந்த ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கும் கடைமடை. அப்பா கூலிக்கு உழுதவர். களத்தில் நெல் மூட்டை தூக்கிய தோளோடு போலீசில் சேர்ந்தேன். ஆயுதப்படையிலிருந்து பேரவைக்கு ஆள் எடுத்தபோது என்னிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்டார்கள்.

"எவ்வளவு கனம் தூக்குவீங்க?"

"ஒரு மூட்டை நெல்லு தூக்குவேங்கய்யா."

"மூட்டை திமிறினா என்ன செய்வீங்க?"

நான் முழித்தேன். கேட்டவர் சிரிக்கவில்லை. அவர்தான் அன்றைய மார்ஷல் ஞானப்பிரகாசம். முழித்தவனை அன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

எங்களுக்கு அவர் அய்யா. பட்டாளத்திலிருந்து வந்தவர். ஆனால் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாரைத் தூக்கப் போனாலும், கல்யாண வீட்டில் பந்திக்கு அழைப்பவர்போல் குனிந்து, "மாண்புமிகு உறுப்பினர் அவர்களே, புறப்படலாங்களா?" என்று கேட்பார். உறுப்பினர் "முடியாது" என்று முழங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நாங்கள் கை வைக்கலாம். ஒருமுறை புதிய உறுப்பினர் ஒருவர் பதற்றத்தில் "சரி" என்று சொல்லிவிட்டார். அய்யா காதில் விழாதவர்போல் நின்று, இன்னொரு தடவை கேட்டார். உறுப்பினர் சுதாரித்துக்கொண்டு "முடியாது" என்றார். அவருடைய கட்சியில் அவருக்கு இன்றும் நல்ல பெயர்.

அய்யாவின் முறைகள் எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. குமரேசன் குறித்துக்கொள்ளட்டும். முதலில் உறுப்பினரின் மூக்குக்கண்ணாடியையும் பேனாவையும் கேட்டு வாங்கி ஒருவன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, அவருடைய தோள்துண்டையே எடுத்து வேட்டிக்கு மேல் இடுப்பில் ஒரு கட்டு. இதைச் செய்திருந்தால் போன வாரம் வேட்டி கையோடு வந்திருக்காது. இரண்டு பேர் தோள்பக்கம், இரண்டு பேர் முழங்கால் பக்கம். வாசலைத் தாண்டும்போது தலைதான் முதலில் வெளியே போக வேண்டும். கால் முன்னே போனால் அது சுடுகாட்டுக்குப் போகிற முறை. "ஜனங்க ஓட்டுப் போட்டு அனுப்பின ஆளு. உயிரோட இருக்காரு, அதுக்குத் தகுந்த மாதிரி கொண்டுபோங்க" என்பார் அய்யா. தூக்கும்போது அண்ணன், மாமா என்று உறவுமுறை சொல்லி யாரையும் கூப்பிடக் கூடாது. சபைக்குள் எல்லோரும் மாண்புமிகுதான்.

கடைசி விதி செருப்பு. இரண்டு செருப்பும் வந்து சேராமல் எந்த உறுப்பினரும் வாசல் தாண்டக் கூடாது. என் காலத்துக்கு முன்னால் ஒருதடவை ஒற்றைச் செருப்பு ஒன்று சபைக்குள் தங்கிவிட்டதாம். அது எங்கள் பக்கம் எறியப்பட்டது என்று ஒரு கட்சியும், இல்லை எங்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்று இன்னொரு கட்சியும் உரிமைப் பிரச்சினை கிளப்பி, அரை நாள் சபை அந்தச் செருப்பைப் பற்றியே பேசியது. அன்று நிறைவேற வேண்டிய பள்ளிக்கூடச் சட்டம் அடுத்த கூட்டத்தொடருக்குப் போய்விட்டது.

தூக்கும் வரிசைக்கும் கணக்கு உண்டு. கட்சித் தலைவர் முதலில், ஏனென்றால் வாசலில் படக்காரர்கள் காத்திருப்பார்கள். அடுத்து கனமானவர்கள், நம் கையில் தெம்பு இருக்கும்போதே. ஒல்லியானவர்கள் கடைசியில்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாங்கள் முரடர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதிப் பேர் காலையிலேயே தாழ்வாரத்தில் பார்த்துச் சொல்லிவைத்துவிடுவார்கள். "மாரிமுத்து, இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு நான் வெளிய போவேன். இடுப்புல வாயுப் புடிப்பு, இடது பக்கம் பார்த்துப் புடிங்க" என்பார் ஒருவர். இன்னொருவர், எங்களுக்குக் கனக்கக் கூடாதென்று, அன்று இட்டிலியைக்கூடத் தொடமாட்டார். ஒரு கலவர நாளில் ஓர் உறுப்பினரைத் தூக்க மறந்துவிட்டோம். காலி பெஞ்சுகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். ஆளுங்கட்சியோடு ரகசிய உறவு என்று அவர் கட்சியில் விசாரணையே வைத்துவிட்டார்கள். பாவம், "என்னையும் தூக்கினதா ஒரு கடுதாசி குடுங்க" என்று அய்யாவிடம் வந்து நின்றார். அய்யா கடிதம் தரவில்லை. மறுநாள் அவரையே முதல் ஆளாகத் தூக்கச் சொன்னார்.

இந்தக் கூட்டத்தில் ஒட்டாத ஒருவர் எங்கள் தொகுதியிலிருந்து வந்தார். உமர் ராவுத்தர், கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், பாஸ்போர்ட் என்று எல்லார் வீட்டு மனுவையும் கடையில் உட்கார்ந்தே எழுதிக் கொடுப்பார். அந்தக் கையெழுத்துக்காகவே ஜனங்கள் அவரைச் சுயேச்சையாக நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். ஒடிசலான உடம்பு, வெள்ளைத் தொப்பி. பேரவை விதிகள் புத்தகம் எல்லா உறுப்பினர்களுக்கும் இலவசமாகத் தரப்படும். மின்விசிறி நின்றுபோகும் நாட்களில் அது பலருக்கு உதவியிருக்கிறது. பாய் மட்டும் அதற்கு நியூஸ்பேப்பரில் அட்டை போட்டு, பென்சிலால் கோடு போட்டுப் படித்தார்.

"மாரி, இதுல பேசுறதுக்குத்தான் விதி இருக்கு. கத்துறதுக்கு ஒரு விதியும் இல்ல. அதான் எல்லாரும் கத்துறாங்க" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அந்த வருடங்களில் எங்கள் கடைமடையை இறால் பிடித்து ஆட்டியது. வெளியூர் ஆட்கள் காரில் வந்து, ஆற்றுத் தண்ணீர் எட்டாமல் கிடந்த வயல்களை வாங்கி, குட்டை வெட்டி, மோட்டார் வைத்துக் கடல் தண்ணீரை ஏற்றினார்கள். இறால் ஐஸ் பெட்டியில் ஏறி ஜப்பானுக்குப் போனது. நிலத்தை விற்றவர்களின் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனார்கள். எங்கேயும் போகாமல் ஊரிலேயே தங்கியது உப்பு மட்டும்தான்.

என் அக்கா செல்லம்மா உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள். மூன்று தெருவுக்கும் குடிக்கப் பெரியகுளம் ஒன்றுதான். ஒருநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள்.

"தம்பி, குளத்துக்கு மேற்கால கரைய ஒட்டி நிலத்தை வாங்கிட்டாங்கடா. இறால் குட்டை வெட்டப்போறாங்களாம். அப்புறம் குளத்துத் தண்ணிய வாயில வைக்க முடியாது. நீ சட்டசபையிலதானே இருக்க, யாருகிட்டயாவது சொல்லேன்."

சட்டசபையில்தான் இருந்தேன். ஆனால் நான் பேச வந்தவன் இல்லை, பேசுகிறவரைத் தூக்க வந்தவன். இதை அக்காவுக்குப் புரியவைக்க முடியாது என்பதால் பாயிடம் போனேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

இறால் பண்ணைகளுக்கு உரிமம் வழங்க அந்தக் கூட்டத்தொடரில் ஒரு சட்டமுன்வடிவு வந்திருந்தது. சட்டம் நிறைவேறும் முறை இதுதான்: முதலில் எல்லோரும் பொதுவாகப் பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்வார், பிறகு ஒவ்வொரு பிரிவாக வாக்கெடுப்பு. ஒரு பிரிவை மாற்ற வேண்டுமென்றால் உறுப்பினர் முன்கூட்டியே எழுத்தில் திருத்தம் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் திருத்தத்தின் எண்ணைப் படிக்கும்போது அவர் தன் இருக்கையில் இருந்து "முன்மொழிகிறேன்" என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் காப்பி குடிக்கப் போயிருந்தால்கூட அந்தத் திருத்தம் அத்தோடு முடிந்தது. பாயுடையது நாலாம் பிரிவுக்கு ஏழாவது திருத்தம், ஒரே வரி: குடிநீர்க் குளத்தின் கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இறால் குட்டைக்கு உரிமம் வழங்கக் கூடாது.

அந்த நாள் வந்தது. எதிர்க்கட்சிக்கு இறாலைப் பற்றிக் கவலை இல்லை. எங்கோ ஒரு பேருந்து நிலையத் திறப்பு விழா அழைப்பிதழில் அவர்கள் தலைவரின் பெயரைச் சின்ன எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள். அதற்கு நியாயம் கேட்டுச் சபையின் நடுவுக்கு வந்து நின்று முழங்கினார்கள். "நிற்கிற உறுப்பினர்கள் அத்தனை பேரையும் வெளியேற்றுங்கள்" என்று பேரவைத் தலைவர் உத்தரவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பாயும் எழுந்து நின்றிருந்தார். நடுவில் அல்ல, தன் இருக்கைக்கு முன்னால், கையில் புத்தகத்தோடு. பேச விரும்பும் உறுப்பினர் எழுந்து நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர் விதியைப் படித்தவர். நிற்பவர்களின் பெயரை எழுதிய அதிகாரி எல்லார் பெயரையும் எழுதினார். பட்டியலில் பத்தொன்பது பெயர். கடைசிப் பெயர் உமர் ராவுத்தர்.

அய்யாவின் காதருகே போனேன். "அய்யா, அவரு கலாட்டா பண்ணலைங்க. நாலாம் பிரிவுக்குத் திருத்தம் குடுத்திருக்காரு. அதுக்குத்தான் எந்திரிச்சாரு."

"பட்டியல்ல பேரு இருக்கா?"

"இருக்குங்கய்யா."

"இருந்தா தூக்கணும்." மீசையைத் தடவிக்கொண்டு பாயை மேலும் கீழும் பார்த்தார். "எப்பத் தூக்கணும்னு பட்டியல்ல இல்ல. கனமானவங்க முன்னாடி, ஒல்லி கடைசி. அதுதானே நம்ம வழக்கம்?"

ஒரு பக்கம் நாங்கள் ஆளைத் தூக்கினோம். மறுபக்கம் சட்டம் நடந்தது. அமைச்சர் பதிலுரையைத் தொடங்கினார். இறாலைப் பற்றி ஒரு வாக்கியம், தன் கட்சித் தலைவரைப் பற்றிப் பத்து வாக்கியம், மறுபடி ஓர் இறால் என்று போனது. அந்தப் புகழ்ச்சி எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது, அமைச்சருக்கே தெரிந்திருக்காது. எங்கள் ஆட்களோ அன்றைக்கு என்று பார்த்து வெறிபிடித்த மாதிரி வேகமாகத் தூக்கினார்கள். பதினேழு பேர் போய்விட்டார்கள். பதினெட்டாவது ஆள் எங்கள் கையில். அடுத்தது பாய். அமைச்சர் இன்னும் தலைவரின் இளமைக் காலத்திலேயே இருந்தார்.

அப்போதுதான் என் உத்தியோகத்தில் செய்த ஒரே முறைகேட்டைச் செய்தேன். பதினெட்டாவது உறுப்பினரின் வலது செருப்பு தரையில் கிடந்தது. அதைக் காலால் மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

வாசல்வரை போனதும் அவர் கால்களை ஆட்டி, "எங்கய்யா என் செருப்பு?" என்றார். ஊர்வலம் நின்றது. அய்யா, "தேடுங்க" என்றார். மற்ற காவலர்கள் மண்டியிட்டுப் பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்தார்கள். நானும் செருப்பு இல்லாத இடமாகப் பார்த்து மும்முரமாகத் தேடினேன். அந்த உறுப்பினர், மீதி மூன்று காவலர்கள் கையில் கிடந்தபடியே, அது தோல் செருப்பு, மாமனார் வீட்டில் எடுத்துக் கொடுத்தது என்று விவரம் சொன்னார். அய்யா மெதுவாக நடந்து மூன்றாவது பெஞ்சுக்கு வந்தார். குனிந்தார். நன்றாகப் பார்த்தார்.

"இங்க இல்ல. அந்தப் பக்கம் தேடுங்க" என்றார்.

அமைச்சர் உட்கார்ந்தார். பிரிவுகள் கடகடவென்று ஓடின. நாலாம் பிரிவு வந்தது. முதல் ஆறு திருத்தங்களும் வெளியே போனவர்கள் பேருக்குக் கொடுத்தவை. "உறுப்பினர் இல்லை, உறுப்பினர் இல்லை" என்று படித்துக்கொண்டே வந்த பேரவைத் தலைவர், பழக்கத்தில் "திருத்தம் ஏழு, உறுப்பினர் உமர் ராவுத்தர், இல்லை" என்றார்.

"இருக்கேங்க. முன்மொழிகிறேன்."

பேரவைத் தலைவர் நிமிர்ந்து பாயைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், அய்யாவைப் பார்த்தார். அய்யா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிடம் பேசலாம்" என்றார் பேரவைத் தலைவர்.

"தலைவர் அவர்களே, நான் மளிகைக்கடைக்காரன். உப்பு விக்கிறவன். எங்க ஊருல உப்புக்குப் பஞ்சம் இல்லைங்க. குடிக்கிற தண்ணியில மட்டும் அது வேணாம். குளத்தை விட்டு அரை கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொல்லுங்க, அவ்வளவுதான் நான் கேக்குறது."

"ஏற்போர் 'ஆம்' என்க."

"ஆம்" என்றார் பாய். அந்தப் பெரிய மண்டபத்தில் அது ஒரே குரல். எனக்கும் வாய்வரை வந்துவிட்டது, கடித்து விழுங்கினேன். சபைக்குள் காவலனுக்குத் தோள் உண்டு, நாக்கு கிடையாது.

"எதிர்ப்போர் 'இல்லை' என்க." தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்து "இல்லை" என்றார்கள். திருத்தம் தோற்றது. சட்டம் நிறைவேறியது. எல்லாம் சேர்த்து, ஒரு செருப்பைத் தேடிய நேரம்கூட ஆகவில்லை. நான் குனிந்து அந்தச் செருப்பைக் கண்டுபிடித்தேன்.

பதினெட்டாமவர் போனபின் அய்யா பாயிடம் வந்து குனிந்தார். "மாண்புமிகு உறுப்பினர் அவர்களே, புறப்படலாங்களா?" பாய் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாரி, தூக்கிடுப்பா" என்றார்.

"பாய், நீங்க நடந்தே வரலாம்." சபைக்குள் முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அய்யா கண்டிக்கவில்லை.

"அத்தனை பேரையும் தூக்கிட்டு என்னை மட்டும் நடக்க விட்டா, இறால்காரன்கிட்ட விலை போயிட்டான்னு ஊருல பேசுவாங்கப்பா."

அய்யா கையசைத்து மற்ற மூவரையும் விலகச் சொன்னார். நான் ஒருவனாகவே தூக்கினேன். நெல் மூட்டையில் பாதிகூட இல்லை அவர். தலை முதலில் வாசலைத் தாண்டியது. "சபைக் குறிப்புல ஏறியிருக்குமா?" என்று கேட்டார். "ஏறியிருக்கும் பாய்" என்றேன். "அப்பச் சரி" என்றார். வெளியே படக்காரர்கள் ஒருவரும் இல்லை. எதிர்க்கட்சித் தலைவரும் கனமானவர்களும் போனதுமே கிளம்பிவிட்டார்கள். அவரை இறக்கி நிறுத்தியபோது எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. உடுப்பில் இருப்பதால் அடக்கிக்கொண்டேன்.

குட்டை வெட்டினார்கள். அடுத்த கோடையிலேயே பெரியகுளம் கரித்தது. அக்கா லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றாள். அவள் மகன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். "நீ அங்கதானேடா இருந்த?" என்று ஒரே ஒருதடவை கேட்டாள். அடுத்த தேர்தலில் பாயைத் தோற்கடித்தவர், வேறொரு நாளில் நாங்கள் தன்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கிய படத்தைத்தான் சுவரொட்டியில் போட்டிருந்தார். அதிலும் என் முழங்கை இருந்தது. பாய் கடையை மூடிவிட்டுத் திருச்சியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஞானப்பிரகாசம் அய்யா ஓய்வுபெற்ற அன்று என்னைத் தனியாக அழைத்தார். "அந்தச் செருப்பு எங்க இருந்துச்சு மாரிமுத்து?" என்றார். "மூணாவது பெஞ்சுக்கு அடியிலங்கய்யா." "ஆமா" என்றார். அவ்வளவுதான். என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

பல வருடங்கள் கழித்து நானே மார்ஷல் ஆனேன். அதற்குள் இறாலுக்கு ஏதோ நோய் வந்து, பண்ணைக்காரர்கள் குட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் ஊரை விட்டுப் போனபின் அரசு விழித்துக்கொண்டு ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்தது: குடிநீர்க் குளத்தின் கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இறால் குட்டைக்கு உரிமம் வழங்கக் கூடாது. எழுத்துக்கு எழுத்து அதே வரி. யோசனை அமைச்சருடையது என்று பலரும் பாராட்டிப் பேசினார்கள். நான் திருச்சிக்குப் போன் செய்திருந்தேன். பாய் மகனோடு வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கே கைதட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவருக்கு எல்லா விதியும் தெரியும்.

"ஏற்போர் 'ஆம்' என்க."

கீழே நூறு பேர் "ஆம்" என்றார்கள். அது அடங்கியதும் மேலிருந்து ஒரு குரல் தனியாக, நிதானமாக, "ஆம்" என்றது. பாய் எழுந்து நின்றிருந்தார்.

சபையே அண்ணாந்து பார்த்தது. பேரவைத் தலைவர் என்னைப் பார்த்தார். நான் படியேறிப் போய்க் குனிந்தேன்.

"பாய், புறப்படலாங்களா?"

"முடியாது" என்றுதான் சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். சிரித்தார். "இன்னைக்கு நடந்தே வர்றேன்பா."

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். "நான் சொன்ன ஆம் குறிப்புல ஏறுமா?" என்றார்.

"ஏறாது பாய். மாடத்துலேருந்து சொன்னது கணக்குல வராது."

"போவட்டும். நீ ஊருக்குப் போயிட்டு வந்தியாமே. பெரியகுளம் எப்படி இருக்கு?"

அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ரெண்டு மழை நல்லாப் பேஞ்சுது பாய். மாடு இறங்கிக் குடிக்குது. அக்கா இன்னும் வாயில வைக்கல."